சாருக்கு டச் மூவ் கிடையாது

வீட்டைவிட்டு வெளியே வர எனக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும் என்று அக்கா நினைத்ததால்தான் நான் பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்துக்கு பஸ் ஏறினேன். அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், மதுரையில் ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு மாதம் படுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த வேலை என்னிடம் இல்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வந்திருப்பது பைபோலார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில வாரங்கள் மனசு தரையில் கால் பாவாமல் பறக்கும். அப்போது தூக்கம் தேவைப்படாது, சாப்பாடு தேவைப்படாது, உலகத்தில் உள்ள எல்லாருக்கும் சொல்ல என்னிடம் ஏதோ இருக்கும். அதன் பிறகு சில மாதங்கள் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கும். நான் ஊர் திரும்பியது அந்த இரண்டாவது காலத்தில்.

கொடைக்கானலிலேயே அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் இறந்த பிறகு அக்கா ஒரு போர்டிங் ஸ்கூல் மெஸ்ஸில் வேலை பார்த்து வந்தாள். காலையில் வெள்ளனே கிளம்பிப் போய், மூன்று மணிக்கு வருவாள். வரும்போது நான் அவள் விட்டுப் போன அதே இடத்தில், அதே கம்பளிக்குள் இருப்பேன். ஒரு நாள் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏலே, இப்படியே சுருண்டு கெடந்தா என்னத்துக்கு ஆவ? ஒரு சோலியப் பாரு."

"என்ன சோலி பாக்க?"

"உனக்கு செஸ் தெரியும்ல. ஃபாதர்ட்ட சொல்லிட்டேன்."

அக்கா போகும் கோயிலின் ஃபாதர் பேத்துப்பாறைப் பிள்ளைகளைப் பற்றி ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர். அங்கே அப்பா, அம்மா இருவரும் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருட்டும்வரை ரோட்டில்தான் திரிவார்கள். அந்த ஊரில் ஒரு பழைய பால்வாடிக் கட்டடம் சும்மா கிடந்தது. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்தரைவரை என்று அவரே நேரம் குறித்துவிட்டார். என்னை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல்லூரிக் காலத்தில் நான் ஓரளவு நன்றாக ஆடுவேன். பிறகு விட்டுவிட்டேன். மறுபடி காயைத் தொட்டது மருத்துவமனையில்தான். அங்கே பொழுதுபோக்கு அறையில் ஒரு பலகை இருந்தது. கறுப்பில் ஒரு யானை காணாமல் போய், அதற்குப் பதிலாக ஒரு சாக்பீஸ் துண்டு நின்றது. யாரோடும் பேசாத ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் தினமும் எனக்கு எதிரே வந்து உட்காருவார். ஒரு மாதம் ஆடினோம். எங்களுக்குள் மொத்தமே நாலு வாக்கியம் பேசியிருப்போம். ஆனால் அவர் வராத நாளில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்துப்பாறைக்குப் போன முதல் நாள் துணிப்பையில் நாலு பலகைகள் இருந்தன. பால்வாடி வாசலில் ஒன்பது பிள்ளைகள் நின்றார்கள், கூடவே ஒரு நாய். எல்லார் ஸ்வெட்டரிலும் விறகுப்புகை வாசனை. உள்ளே சுவரில் அணில், ஆடு, இலை என்று பழைய படங்கள் பாதி உரிந்து கிடந்தன. நாங்கள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம்.

அந்த ஒன்பது பேரில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி எட்டாவது படித்தவள். இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியோடுதான் வருவாள். அம்மா பீன்ஸ் பறிக்கப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டே ஆடுவாள். வெட்டி வெளியே எடுத்த காய்களை அவன் வாயில் போட்டுக்கொள்வான். அதனால் எங்கள் செட்டில் பாதி சிப்பாய்களின் தலையில் பல் தடம் இருந்தது. அவள் மெதுவாகத்தான் ஆடுவாள். எதிராளி காயை நகர்த்தியதும் "இதை ஏன் இங்க வச்ச?" என்று முணுமுணுப்பாள். அந்தக் கேள்வியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வரும்போதே அவளிடம் இருந்தது.

இன்னொருவன் அவள் வகுப்புதான். அவனுடைய அப்பா கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்டுகளை ஏற்றும் குதிரை ஒன்றைப் பிடித்து நடப்பவர். குதிரை எப்படி நகரும் என்று நான் காட்டியதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"இது தப்பு சார்."

"என்ன தப்பு?"

"குதிர இப்படியெல்லாம் வளைஞ்சு தாவாது சார். லகானப் புடிச்சா நேராத்தான் போவும். எங்கப்பாவக் கேளுங்க."

அரை மணி நேரம் அந்தச் சண்டை ஓடியது. கடைசியில், "இது லேக்ல இருக்குற குதிர இல்ல, சண்டைக்குப் பழக்குன குதிர" என்று அந்தப் பெண்தான் தீர்ப்புச் சொன்னாள். அவன் அரை மனசோடு உட்கார்ந்தான். ஆனால் அந்த வருஷம் முழுக்க எங்கள் கூட்டத்திலேயே குதிரையை அவனைப் போல ஓட்டியவர்கள் யாரும் இல்லை.

நான் மதிய பஸ்ஸில் இறங்கி, நாலு மணிவரை டீக்கடையில் பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த மூன்று நாட்களுக்காக மீதி நாலு நாளும் எழுந்து குளிக்கப் பழகினேன். அக்கா என் சட்டைகளை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்தாள்.

என் கை நடுங்கும். லித்தியம் மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீ டம்ளரைப் பிடித்தால் டீ ஆடும். சதுரங்கத்தில் இது பெரிய தொந்தரவு. ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி, டச் மூவ் என்பார்கள். பிள்ளைகளுக்கு அதை முதல் வாரமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒரு புதன்கிழமை நான் ராணியை எடுக்கப் போய், விரல் நடுங்கி, பக்கத்தில் நின்ற யானையைத் தட்டிவிட்டேன். அது உருண்டு சாக்கில் விழுந்தது. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

"குளிருதா சார்?" என்றாள் தம்பியை மடியில் வைத்திருந்தவள்.

"ஆமா" என்றேன்.

அது நல்ல வெயிலடித்த ஏப்ரல் மாதம். நான் சட்டப்படி யானையை எடுத்து நகர்த்தப் போனேன். குதிரைக்காரன் மகன் என் கையைத் தடுத்தான்.

"சாருக்கு டச் மூவ் கிடையாது. எல்லாரும் கேட்டுக்கங்க."

அன்றிலிருந்து அது எங்கள் பால்வாடியின் சட்டமாகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும், சிப்பாய் இரண்டு கட்டம் போகலாம் என்பதைச் சொல்வதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகள் எனக்குச் சலுகை தருகிறார்கள், நான் நோயாளி, அது வெளியே தெரிகிறது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

அதனால்தான் மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கையில் தரும் மாத்திரையை வாங்கி, கொல்லைப்பக்கம் போய், ஹைட்ரேஞ்சியாச் செடிக்குக் கீழே போட்டுவிட்டு வருவேன். இரண்டு வாரத்தில் கை நேராக நின்றது. ஒரு சிப்பாயை உச்சியில் பிடித்து, ஆடாமல் அசையாமல் கட்டத்தின் நடுவில் வைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்து என்ன நடந்தது என்பதில் பாதி எனக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மூன்று நாள் வகுப்பு ஆறு நாள் ஆனது. நாலு பலகைகள் போதாது என்று, பால்வாடிக்கு முன்னால் இருந்த மண் தரையில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய சதுரங்கக் கட்டம் போட்டேன். பிள்ளைகளையே காய்களாக நிற்க வைத்து மழையில் இரண்டு மணி நேரம் ஆட்டினேன். அவர்கள் எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஆவார்கள் என்றும், உலகமே பேத்துப்பாறையைத் தேடி வரும் என்றும் சொன்னேன். ஒரு நாள் நடுராத்திரியிலேயே கொடைக்கானலில் இருந்து நடக்க ஆரம்பித்து, பொழுது புலரும்போது பேத்துப்பாறைக்குள் நுழைந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "பிள்ளைங்கள எழுப்புங்க, நேரமாச்சு, உலகம் முழிச்சிருச்சு" என்று சத்தம் போட்டேனாம். கால் செருப்பு எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது. பாதத்தில் ரத்தம்.

அந்தப் பெண்ணின் அப்பாதான் கதவைத் திறந்தவர். மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் என்னால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

டீக்கடைக்காரர் அக்காவுக்கு போன் செய்தார். அக்கா ஒரு ஜீப்பில் வந்து இறங்கி, தன் சால்வையை என்மேல் போர்த்தி, "வா தம்பி, போவோம்" என்றாள். திட்டவில்லை. மதுரைவரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இந்த முறை ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தேன். திரும்பி வந்ததும், எதிர்பார்த்தது போலவே மனசு பள்ளத்தில் விழுந்தது. மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் மேகம் வந்து நின்றால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும். நான் கம்பளிக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேத்துப்பாறை என்ற பெயரை அக்கா சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். மருத்துவமனையில் பட்டதைவிட, அந்தக் கதவுக்கு முன்னால் நின்று கத்தியதை நினைத்தால்தான் எனக்குத் தாங்காது.

ஒரு சனிக்கிழமை மதியம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அக்கா உள்ளே வந்து, "ரெண்டு பேர் வந்திருக்காங்க. காய்கறி வேன்ல ஏறி வந்துருக்குதுக" என்றாள்.

"நான் இல்லன்னு சொல்லு."

"நீயே போய்ச் சொல்லு. எனக்கு அடுப்புல சோறு கெடக்கு."

கம்பளியைப் போர்த்தியபடியே போனேன். அந்தப் பெண்ணும் குதிரைக்காரன் மகனும் நனைந்த தலையோடு நின்றார்கள். அவள் கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு நீள நோட்டு இருந்தது. எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"சார், ஒரு சண்டை. நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்றாள்.

நோட்டை விரித்தாள். நான் போன பிறகும் அவர்கள் வகுப்பை விடவில்லை. அதே மூன்று நாள், அதே நேரம். சாவி டீக்கடையில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும், நான் சொல்லிக்கொடுத்தபடி எழுத்தும் எண்ணுமாக, அவள் நோட்டில் எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாக. சில இடங்களில் எழுத்து ஈரத்தில் கரைந்திருந்தது. சில இடங்களில் தம்பியின் கிறுக்கல். நாற்பத்துமூன்று ஆட்டங்கள்.

சண்டை ஒரு சிப்பாயைப் பற்றியது. எதிரிச் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அதைப் போகிற போக்கில் வெட்டலாம் என்று ஒரு விதி உண்டு. நான் அதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். உடனே வெட்ட வேண்டுமா, இல்லை அப்புறமும் வெட்டலாமா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"உடனே வெட்டணும். அடுத்த மூவ்ல முடியாது" என்றேன். பல நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"நான் சொன்னேன்ல" என்றாள் அவள். அவன் தலையைச் சொறிந்தான்.

அக்கா சுடச்சுடச் சோறும் ரசமும் போட்டாள். சாப்பிட்டு முடித்து, அவன் கை கழுவப் போன நேரத்தில், அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சார், உங்களுக்குப் பைத்தியமா? ஊர்ல சொல்றாங்க."

அடுப்பங்கரையில் அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மழையில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒரு நோய் இருக்கும்மா. மனசுல வர்ற நோய். மாத்திரை சாப்பிட்டா அடங்கியிருக்கும். நான் சாப்பிடாம விட்டுட்டேன். அதான் அன்னைக்கு அப்படி ஆச்சு."

"ஏன் விட்டீங்க?"

"கை நடுங்குச்சு. வெக்கமா இருந்துச்சு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எதிராளியின் காயைப் பார்த்து யோசிப்பாளே, அதே முகம்.

"மறுபடியும் வருமா சார்?"

"வரலாம்."

"வரப்போவுதுன்னு முன்னாடியே தெரியுமா?"

அதுவரை டாக்டரைத் தவிர யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தெரியும் என்றேன். தூக்கம் குறையும், பேச்சு வேகமாகும், ஒரு சோலியை முடிக்காமல் பத்து சோலியைத் தொடங்குவேன், எல்லாம் என்னால் முடியும் என்பேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நீங்க வேகமாப் பேசினா நாங்க சொல்லலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லலாம்" என்றேன்.

மறுபடி பேத்துப்பாறை போக இன்னும் ஒரு மாதம் ஆனது. முதலில் அவள் அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அக்காவும் நானும் போனோம். அவர் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் மரத்தில் ஏறிக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார். இறங்கி வந்து, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எங்க சித்தப்பா ஒருத்தருக்கு இப்படித்தான் இருந்துச்சுங்க" என்றார். "மாட்டுக் கொட்டகையில கட்டிப் போட்டிருந்தாங்க. நான் சின்னப் பய. சோறு கொண்டு போய் வைப்பேன். நல்லா இருக்கும்போது எனக்குப் பம்பரம் செதுக்கிக் குடுத்தாரு. அவருக்கெல்லாம் யாரு மாத்திரை குடுத்தா?"

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "சாரு வரட்டும். ஆனா கொஞ்ச நாளைக்கு நீங்களும் கூட வாங்கம்மா. எங்களுக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

அக்கா இரண்டு மாதம் மெஸ்ஸில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு என்கூட வந்தாள். பால்வாடி வாசலில் உட்கார்ந்து, வேலை முடிந்து வரும் பெண்களோடு சேர்ந்து பட்டர் பீன்ஸ் உரிப்பாள். உள்ளே நாங்கள் அமைதியாக ஆட, வெளியே அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும். அக்கா அப்படிச் சிரித்து அத்தான் போனதிலிருந்து நான் கேட்டதில்லை. இரண்டு மாதம் முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவளாகவே வர ஆரம்பித்தாள்.

என் கை மறுபடி நடுங்கியது. இந்த முறை நான் மாத்திரையை நிறுத்தவில்லை. காய் விழுந்தால் யாராவது எடுத்து வைப்பார்கள், ஆட்டம் போகும்.

அடுத்த வருஷம் திண்டுக்கல்லில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடந்தது. ஃபாதர் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தார். ஆறு பேரைக் கூட்டிப்போனேன், அக்காவும் வந்தாள். மலை இறங்கி முடிப்பதற்குள் நாலு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். கீழே வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "என்ன சார் இப்படி வேகுது" என்று குதிரைக்காரன் மகன் புலம்பினான். போட்டி நடந்த கல்யாண மண்டபத்தில் சுழன்ற மின்விசிறிகளைத் தலையை நிமிர்த்தி எண்ணினான். முப்பத்தாறு.

எங்கள் பிள்ளைகள் யாரும் சதுரங்கக் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. காயை நகர்த்திவிட்டுப் பித்தானை அமுக்க மறந்து, தங்கள் நேரம் ஓடுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் ஆறு பேரும் தோற்றார்கள். எதிரே இருந்த பிள்ளைகளுக்கு கோச் இருந்தார்கள், தண்ணீர் பாட்டிலில் பெயர் இருந்தது. எங்கள் கூட்டத்தில் இருந்த கடைசிப் பொடியன் அழுதான். அக்கா அவனுக்கு எலுமிச்சைச் சாதம் ஊட்டிவிட்டாள்.

இரண்டாவது சுற்றிலிருந்து நிலைமை மாறியது. குதிரைக்காரன் மகன் ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்கி, ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பையனை வீழ்த்தினான். அவள் ஒன்றன்பின் ஒன்றாக நாலு ஆட்டம் ஜெயித்தாள். கடைசிச் சுற்றுக்கு முன் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது மேஜையில் இருந்தது. ஜெயித்தால் கோப்பை.

நான் அவளை மண்டபத்துக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். எதிராளி எப்படித் தொடங்குவான், அவள் எதை முதலில் நகர்த்த வேண்டும், ஜெயித்தால் அடுத்து மாநிலப் போட்டி, அதற்கு அடுத்து என்ன, அதற்கும் அடுத்து என்ன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், வேகமாப் பேசுறீங்க" என்றாள் மெதுவாக.

நிறுத்திவிட்டேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்து, என்னையே விசாரித்துக்கொண்டேன். நேற்று தூங்கினேனா? தூங்கினேன். காலையில் சாப்பிட்டேனா? நாலு இட்லி. மாத்திரை? அக்கா முன்னால் விழுங்கினேன். அப்படியானால் இது வெறும் சந்தோஷம்தான். எனக்குச் சந்தோஷமும் நோயும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும், யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அன்று வந்தது சந்தோஷம். அக்கா தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசி ஆட்டத்தில் அவள் தோற்றாள். ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்தாள். மறுபடியும் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டாள். வெளியே வந்து, "நல்லா ஆடுனேன் சார், அந்தப் பொத்தான்தான்" என்றாள். பஸ் வத்தலக்குண்டு தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மலை ஏறி, காற்று குளிர ஆரம்பித்ததும், அவளாகவே நோட்டை எடுத்து அந்த ஆட்டத்தை எழுதத் தொடங்கினாள். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போனது.

அதெல்லாம் நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. பால்வாடியை இடித்துவிட்டுப் புதுக்கட்டடம் கட்டினார்கள். சதுரங்கம் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது, அங்கே ஒரு டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். குதிரைக்காரன் மகன் இப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். சீசன் இல்லாத நாட்களில் போனில் என்னோடு ஆடுவான், பெரும்பாலும் ஜெயிப்பான். அவள் பி.காம். படித்து, ஒட்டன்சத்திரத்தில் ஒரு விதைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆகிவிட்டது. சதுரங்கம் ஆட நேரமில்லை என்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இடுப்பில் இருந்த தம்பி இப்போது என்னைவிட உயரம். கிரிக்கெட்தான் பிடிக்குமாம்.

எனக்கு அதன் பிறகும் ஒருமுறை நோய் முற்றியது. அப்போதும் மதுரை போனேன், திரும்பி வந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் இன்னொரு மலைக்கிராமமான பூண்டிக்குப் போகிறேன். அங்கே வெள்ளைப்பூண்டு காயப்போடும் ஒரு கொட்டகையில் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாளே அவர்களிடமும் பெற்றோரிடமும் என் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு தாய் மட்டும் பிள்ளையை அனுப்பவில்லை. மற்றவர்கள் அனுப்பினார்கள்.

பேத்துப்பாறையை நினைக்கும்போது எனக்குத் திண்டுக்கல் போட்டி அவ்வளவாக ஞாபகத்துக்கு வருவதில்லை. எதுவுமே நடக்காத ஒரு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. ஐப்பசி மாதம், நல்ல மழை. தகரக்கூரையில் விழும் சத்தத்தில் பேசினால் கேட்காது. கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் பலகைகளை ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த வெளிச்சத்தில் தலையைக் கவிழ்த்து ஆடினார்கள். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. காய்கள் ஈரத்தில் பிசுபிசுத்தன. நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: நாலு மணிக்கு உள்ளே நுழைந்ததிலிருந்து என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. "சார், வெரசா வாங்க, பஸ் போயிரும்" என்று கத்தினார்கள். இரண்டு பேர் ஓடிப்போய் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றார்கள். நான் துணிப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினேன்.